எருக்கை இனங்காணுதல்

பெயரை அறிந்தமையே பொருளை அறிந்தமையாகக் கொள்ளும் வழக்கம் ஆசிரியராகிய நம்மிடத்து மிகுதி. எருக்கு என்னும் பெயரை அறியாத தமிழர் இலர். விநாயகப் பெருமானுக்கு அது மாலை. சிவபெருமானுக்கு அது சடைப்பூ. வைத்தியருக்கு அது மருந்து. உழவருக்கு அது தரிசு நிலத்தின் அடையாளம். ஆயினும், எருக்கம்பூவின் நடுவே முடிபோல நிற்பது யாது, வெள்ளெருக்கு என்பது எது, எருக்கின் உறவினமாகிய செடிகள் எவை என்று ஒரு மாணாக்கன் எழுந்து வினவுவானாயின், நம்முட் பலர் விடை கூறத் தயங்குவோம். யாமும் தயங்கினோம். தயங்கியது மட்டுமன்றிப் பிழையான விடையுங் கூறினோம். அப்பிழையைச் சொல்லியே இப்பாடத்தைத் தொடங்குதல் நேர்மையாகும்.

யாம் இளமையிற் கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். அப்பாடசாலை எமக்கு இரண்டு பொருள்களைத் தந்தது. ஒன்று, கைக்கண்ணாடி கொண்டு ஒரு பூவை உறுப்புறுப்பாக நோக்கும் பழக்கம். மற்றொன்று, அவ்வாறு நோக்கத்தக்க பூக்கள் கடலுக்கு அப்பால் உள்ளன என்னும் எண்ணம். முதலாவதற்கு இன்றும் நன்றியுடையோம். இரண்டாவது எம்மை விட்டு நீங்கப் பல ஆண்டுகள் சென்றன.

யாம் ஆசிரியராகி வெள்ளவத்தையிலே கற்பித்துவந்த காலத்தில், ஒருநாள் ஆங்கிலப் புத்தகம் ஒன்றிலிருந்து 'மில்க்வீட்' என்னும் செடியைக் கரும்பலகையில் வரைந்து காட்டினோம். வட அமெரிக்காவின் புல்வெளிகளிலே வளர்வது. ஒடித்தாற் பால் வடிவது. காய் வெடித்தாற் பட்டுப்போன்ற பஞ்சு பறப்பது. ஒருவகை வண்ணத்துப்பூச்சிக்கு அதுவே உணவாவது என்று விரித்துரைத்தோம். பின்வாங்கில் இருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "சேர், எங்கள் ஒழுங்கை முடிவிலே, கடற்கரைப் பக்கம் நிற்கிற செடியும் இதுதானோ?" என்றான். யாம் அவன் கூறிய இடத்துக்குப் போய்ப் பாராமலே, "இல்லைத் தம்பி, இது நம்முடைய நாட்டில் இல்லை" என்றோம். அவன் இருந்துவிட்டான்.

அன்று மாலை கடற்கரைக்குச் செல்லும் அவ்வொழுங்கை வழியே நடந்தோம். புகையிரதப் பாதைக்கு இப்பால், சுவர் ஓரத்து மணலிலே, மார்பளவு உயர்ந்த எருக்கு நின்றது. கிள்ளினோம், பால் வடிந்தது. வெடித்த காயொன்றிலிருந்து பஞ்சு பறந்துகொண்டிருந்தது. இலையின் அடியிலே கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரியுடைய புழுவொன்று மேய்ந்துகொண்டிருந்தது. கரும்பலகையில் யாம் எழுதிய இலக்கணம் அனைத்தும் அங்கே நின்றன. சிறுவன் கண்டதே உண்மை. அமெரிக்கச் செடியும் நம் எருக்கும் ஓரினம் அல்லவெனினும், ஒரே குடும்பத்தில் ஒரே கிளையைச் சேர்ந்தவை. 'அதுவன்று, அதன் உறவு' என்பதே யாம் கூறியிருக்க வேண்டிய விடை.

எருக்கு வளரும் இடம்

எருக்கு வெயிலையும் வறண்ட நிலத்தையும் விரும்புவது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும், மன்னாரிலும், புத்தளத்துக் கரையோரத்திலும், தரவை எனப்படும் வெளியான புற்றரைகளின் ஓரத்திலும், வீதியோரங்களிலும், பாழ்மனைகளிலும் அதனைக் காணலாம். ஆடும் மாடும் அதனைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. ஆதலின் மேய்ச்சலினாற் புல் குறைந்த இடத்திலும் எருக்கு மட்டும் தழைத்து நிற்கும்.

கொழும்பு ஈரவலயத்தைச் சேர்ந்தது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் இந்நகரத்திலே, வறணிலத்துச் செடியாகிய எருக்கு எவ்வாறு நிற்கின்றது என்னும் வினா மாணாக்கருக்கு நல்ல வினா. விடை மண்ணில் உள்ளது. கடற்கரை மணல் மழைநீரை நிறுத்தி வைக்காது. விழுந்த நீர் விழுந்தவாறே கீழே இறங்கிவிடும். புகையிரதப் பாதையின் சரளைக் கல்லும் அத்தகையதே. மரநிழல் இல்லை, உப்புக்காற்று இடைவிடாது வீசும். ஆகவே வெள்ளவத்தைக் கடற்கரையோரம் மழை மிக்க நாட்டினுள்ளே கிடக்கும் ஒரு சிறு வறணிலத் துண்டு என்க. ஒரு செடியைக் கண்டு மண்ணின் இயல்பை அறிதலும், மண்ணைக் கண்டு அங்கே எச்செடி நிற்கும் என்று உய்த்துணர்தலும் இயற்கைப் பாடத்தின் முதற்பயன்.

செடியின் அடையாளங்கள்

இனங்காணுதல் என்பது ஓரடையாளத்தை மட்டும் கொண்டு முடிவு செய்வதன்று. பல அடையாளங்கள் ஒருங்கே பொருந்துதல் வேண்டும். எருக்குக்குரியன வருமாறு.

முதலாவது, பால். இலையை, தண்டை, அரும்பைச் சிறிது கீறினும் வெண்மையான பால் வடியும். ஆயினும் இது மட்டும் போதாது. ஆலும் அரசும் பலாவும் பப்பாசியும் கள்ளியும் பாலுடையனவே.

இரண்டாவது, இலையின் நிலை. எருக்கிலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும். ஓரிணை கிழக்கு மேற்காக நின்றால், அதற்கு மேலுள்ள இணை வடக்குத் தெற்காக நிற்கும். ஆல், பலா, பப்பாசி என்பவற்றின் இலைகளோ கணுவுக்கு ஒன்றாக மாறிமாறி நிற்பன. பாலும் எதிரிலையும் ஒருங்கே காணப்படின், எருக்கின் குடும்பத்தை ஐயுற்று மேலும் நோக்குதல் வேண்டும்.

மூன்றாவது, இலையின் உருவம். தடித்தது, ஒரு சாண் வரை நீளுவது, காம்பு இல்லையென்று சொல்லத்தக்க அளவு குறுகியது. இலையின் அடி நெஞ்சுபோலப் பிளந்து தண்டைத் தழுவி நிற்கும். அடிப்புறம் வெண்பஞ்சு படர்ந்தது. விரலால் தேய்த்தால் மாவு போன்ற வெண்மை விரலிற் படியும். நீர் விரைந்து ஆவியாகிச் செல்லாதபடி தடுப்பது அவ்வெண்பஞ்சே.

நான்காவது, காய். ஒரு பூவிலிருந்து இரண்டு காய்கள் தோன்றுதற்கு உரியன. பல வேளைகளில் ஒன்றே முதிரும். பச்சையாய், உப்பி, சிறு தோணியின் வடிவாய் வளைந்திருக்கும். முதிர்ந்தபின் ஒரு பக்கத்தால் வெடிக்க, தட்டையான கபில நிற விதைகள் தலைக்கொரு பட்டுக்குடுமியோடு காற்றில் ஏறும். இப்பஞ்சை இலவம்பஞ்சோடு மயங்கற்க. இலவிலே பஞ்சு காயின் உட்சுவரிலிருந்து தோன்றி விதைகளைச் சூழ்ந்து கிடக்கும். எருக்கிலே விதையின் ஒரு நுனியில் மட்டும் குடுமியாக நிற்கும்.

பூவின் அமைப்பு

ஐந்தாவதும் தலையாயதுமான அடையாளம் பூ. இதனை ஆசிரியர் தாமே முதலிற் பலமுறை பார்த்துப் பழகிய பின்னரே வகுப்பிற் காட்டுதல் வேண்டும். இதுபோன்ற வியப்புடைய பூக்கள் நம் நாட்டில் மிகச் சில.

வெளியே சிறிய புறவிதழ்கள் ஐந்து. அவற்றினுள்ளே, அடியில் ஒன்றாய் இணைந்து மேலே ஐந்தாய்ப் பிரிந்து விரியும் அகவிதழ்கள். அவை மெழுகினாற் செய்தவைபோலத் தடித்தவை. வெளிர் ஊதா நிறம் அல்லது வெண்மை உடையவை. இவற்றுக்கு நடுவே, ஒரு சிறு முடியை எழுப்பி வைத்தாற்போல நிற்கும் தூணை நோக்குக. அத்தூணின் பக்கங்களிலே ஐந்து தடித்த உறுப்புகள் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றும் தோணியின் அடிமரமாகிய ஏராவைப்போல ஒடுங்கி, அடியிலே வாலைச் சுருட்டியதுபோல வளைந்து நிற்கும். மேனாட்டார் இச்செடிக்கு இட்ட 'கலோட்றோப்பிஸ்' என்னும் கிரேக்கப் பெயரின் பொருளும் 'அழகிய ஏரா' என்பதே. கடலோடிகளின் பிள்ளைகள் பயிலும் வகுப்பிலே இப்பெயரை விளக்க வேறு உவமை தேடவேண்டுவதில்லை.

இவ்வைந்து உறுப்புகளும் இதழும் அல்ல, மகரந்தத் தண்டுகளும் அல்ல. இவை தொகுதியாக 'உள்முடி' எனப்படத்தக்கவை. எருக்கின் கிளையினத்துக்கு இவ்வுள்முடியே முத்திரை.

தூணின் உச்சி ஐங்கோணத் தட்டாயிருக்கும். அதன் ஒவ்வொரு மூலையிலும் கரும்புள்ளி ஒன்று காணப்படும். அதன்கீழே நுண்ணிய பிளவு உண்டு. ஊசியின் நுனியை அப்பிளவிற் செலுத்தி மெல்ல மேலே இழுத்தால், கரும்புள்ளி ஊசியைக் கௌவிக்கொண்டு வெளிவரும். அதன் இருபுறத்திலும் மஞ்சள் நிறமான மெழுகுப் பைகள் இரண்டு, காவடியின் இரு தலையிலும் தொங்கும் பாற்செம்புகள்போலத் தொங்கும். அவையே மகரந்தம். பெரும்பாலான பூக்களில் மகரந்தம் பொடியாய்ச் சிதறும்; எருக்கிலோ அது பொடியாகாது திரண்டு பையாய் நிற்கும். கருவண்டு தேனை நாடி வந்து பூவின்மேல் ஏறி நடக்கும்போது, அதன் கால் பிளவினுள் வழுக்கி விழும். காலை இழுத்தெடுக்கையிற் கரும்புள்ளி காலைக் கௌவிக்கொள்ள, வண்டு காவடி தூக்கியவாறு பறந்து செல்லும். வேறொரு பூவின் பிளவிலே அப்பை பொருந்தினாலன்றிக் காய் உண்டாகாது. எருக்கங்கொத்திலே எத்தனையோ பூக்கள் மலர்ந்தும் காய்ப்பன சிலவே என்பதற்குக் காரணமும் இதுவே.

இதனை முதன்முறை ஊசியால் இழுத்துக் காட்டியபொழுது, கரும்பலகையிற் பலநாள் எழுதியும் திரும்பாத கண்கள் யாவும் எம் கையை நோக்கின.

வெள்ளெருக்கு எது?

இனி, நம் ஆசிரியர்களிடையே மயக்கம் மிகுந்த இடத்துக்கு வருவோம். வெள்ளெருக்கு எனப்படுவது தனியினமா, நிறவேறுபாடா?

எருக்கினத்தில் நம் தேசங்களோடு தொடர்புடையன இரண்டு. ஒன்று இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பெருவரவினதாகிய எருக்கு. இதற்கு நூற்பெயர் கலோட்றோப்பிஸ் ஜைகாண்டியா. மற்றொன்று வட இந்தியாவின் வறண்ட சமவெளிகள் தொடங்கி அராபியா, ஆபிரிக்கா வரை பரந்து வளரும் கலோட்றோப்பிஸ் புரோசெரா. இரண்டையும் பூவைக் கொண்டு பிரித்தறியலாம். முன்னதன் பூ பெரியது. இதழ்கள் முழுவதும் ஒரு நிறத்தன. மலர்ந்தபின் அவை புறமே மடிந்து விரியும். உள்முடி நடுத்தூணிலும் குறுகியதாய், உச்சியின் கீழே இரு சிறு காதுகளை உடையது. பின்னதன் பூ சிறியது; அரும்பு உருண்டையானது; இதழ்கள் கிண்ணம்போல நிமிர்ந்து நிற்பன; வெண்ணிற இதழின் நுனியில் மட்டும் செவ்வூதா தீட்டப்பட்டிருக்கும்; உள்முடி தூணின் உயரத்துக்குக் குறையாது.

தமிழிலே வெள்ளெருக்கு என்று வழிபாட்டுக்குக் கொள்ளப்படுவது முன்னதன் வெண்பூ வகை. இதழ் முழுவதும் வெண்மையாயிருப்பதே அதன் அடையாளம். சில மூலிகை நூல்கள் புரோசெராவுக்கும் வெள்ளெருக்கு என்னும் பெயரை எழுதிவிட்டமையால் மயக்கம் உண்டாயிற்று. இலையின் வெண்மையைக் கண்டு வெள்ளெருக்கென்று துணிவாரும் உளர். எல்லா எருக்கின் இலையும் வெண்பஞ்சு படர்ந்ததே யாதலின், அஃது அடையாளமாகாது. பூத்தபின்னரே நிறம் துணியப்படும். வெள்ளெருக்கு வேரிற் செதுக்கியதென்று விநாயகர் திருவுருவங்கள் விற்கப்படுதலைக் கண்டிருப்பீர்கள். வேரை மட்டும் கண்டு அஃது எந்நிறப் பூப் பூத்த செடியின் வேர் என்று உறுதி கூறுதல் எம்மால் இயலாது. மாணாக்கரின் பெற்றோர் கேட்பின் அவ்வாறே கூறுவதன்றி, அறியாததற்குச் சான்று வழங்குதல் ஆசிரியருக்குத் தகாது.

நூலிலும் வழிபாட்டிலும் எருக்கு

எருக்கு எளிய பூ. மணமில்லை, யாரும் நட்டு வளர்ப்பதில்லை. சங்கச் சான்றோர் அதன் எளிமையை அறிந்தே பாடினர். கபிலர் பாரியின் கொடையைப் பாடும் புறநானூற்றுச் செய்யுள் ஒன்றிலே, எளியோர் இடும் எருக்கையும் ஏற்கும் தெய்வத்தின் அருளைப் பாரியின் கொடைக்கு ஒப்புமையாக வைத்தார். அகத்திணையிலே மடலேறுவோன் சூடுவது எருக்கங்கண்ணி. ஊரார் சூடாத பூவை அவன் சூடுதலே அவனது துயரத்துக்கு அறிகுறி.

சைவத்திலோ ஊரார் சூடாத அப்பூவையே இறைவன் சூடினான். சிவபூசைக்குரிய அட்டபுட்பங்களாகப் புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை என்பன கூறப்படும். விநாயகருக்குரிய இருபத்தொரு பத்திரங்களுள் எருக்கிலையும் ஒன்று. வடமொழியில் எருக்குக்கும் சூரியனுக்கும் அர்க்கம் என்பதே பெயர்; இரதசப்தமியில் எருக்கிலையைத் தலையிலும் தோளிலும் வைத்து நீராடும் வழக்கம் அதனோடு இயைபுடையது. விருத்தாசலத்துக்கு அணித்தான இராசேந்திரப்பட்டினம், திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் அவதரித்த தலம். அதன் பழம்பெயர் திருவெருக்கத்தம்புலியூர், தலவிருட்சம் வெள்ளெருக்கு.

எருக்கின் உறவினம்

மேற்கூறிய அட்டபுட்பங்களை மறுபடியும் நோக்குக. அவற்றுள் வெள்ளெருக்கு, நந்தியாவட்டம், அலரி என்னும் மூன்றும் இக்காலத் தாவர நூலார் கொள்கைப்படி ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 1753ஆம் ஆண்டில் லின்னேயசு என்பார் நம் எருக்கையும் அமெரிக்கப் பாற்செடியையும் அஸ்கிளீப்பியஸ் என்னும் ஒரே பெயரின்கீழ் வைத்தார். அஸ்கிளீப்பியஸ் என்பது கிரேக்கரின் மருத்துவத் தெய்வத்தின் பெயர். பின்பு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, உருபேட்டுப் பிரவுன் என்பார் மகரந்தப் பையைக் காரணமாகக் காட்டி எருக்கின் கூட்டத்தை அலரியின் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனிக்குடும்பமாக்கினார். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் அது நிலைத்தது. 1998ஆம் ஆண்டு தொடக்கம், மரபணு ஆராய்ச்சியின் பயனாக, எருக்கு மீண்டும் அலரிக் குடும்பத்தினுள் ஒரு கிளையாக வைக்கப்பட்டுள்ளது. பழைய பாடநூல்களில் 'எருக்கங்குடும்பம்' எனத் தனியே காண்போர் இம்மாற்றத்தை அறிந்து கற்பித்தல் வேண்டும்.

இக்குடும்பத்திலே நம் நாட்டுச் செடிகள் வேறும் பல உள. வேலிகளிற் சுற்றிப் படர்ந்து, மென்முட்கள் உடைய இணைக்காய்களைத் தாங்கும் வேலிப்பருத்தி ஒன்று. வெண்கோடு படிந்த ஒடுங்கிய இலையும் மணமுள்ள வேருமுடைய நன்னாரி ஒன்று. மென்றபின் சர்க்கரையின் இனிப்பே தோன்றாதபடி செய்யும் சிறுகுறிஞ்சா ஒன்று. பால், எதிரிலை, இணைக்காய், குடுமி விதை என்னும் நான்கையும் இவற்றில் தேடும்படி மாணாக்கரை ஏவுக.

பெயர் பற்றி இன்னும் ஒன்று. அமெரிக்கப் புல்வெளிப் பாற்செடிக்கு லின்னேயசு வைத்த அடைமொழி 'சிரியாக்கா' என்பது. அச்செடி சிரியா நாட்டது அன்று. முன்னையோர் அதனைச் சிரியாவிலிருந்து வந்ததெனப் பிழையாகக் கருதினமையால், பிழையே பெயராய் நின்றுவிட்டது. பெரியோரும் பெயரினால் ஏமாறுவர் என்பதற்கு இது சான்று. எம் பிழைக்கு இதனால் ஆறுதல் தேடுகின்றோம் அல்லோம்.

அச்செடியின் காயைக் கொண்டு மாணாக்கர் செய்த பணியொன்றும் அறியத்தக்கது. இரண்டாம் உலகப் போரில் 1942இல் யாவாத் தீவு யப்பானியர் கைப்பட, உயிர்காப்பு அங்கிகளில் அடைப்பதற்கு வேண்டிய இலவம்பஞ்சு மேனாட்டாருக்குக் கிடையாதாயிற்று. 1944இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பாடசாலைப் பிள்ளைகள் வயல்வெளிகளிற் சென்று பாற்செடிக் காய்களைச் சாக்குச் சாக்காய்ச் சேர்த்துக் கொடுத்தனர். இரண்டு சாக்குக் காய் ஓர் அங்கிக்குப் போதும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஒரு களையை இனங்கண்டு பறித்தலாகிய சிறு அறிவு, கடலில் விழுந்தோரின் உயிர் காக்கப் பயன்பட்டது. அமெரிக்கச் செடியைப் படம் வரைந்து காட்டிய யாம், அதனை வாழ்வோடு பொருத்தும் இச்செய்தியை அந்நாளிற் சொன்னோமல்லேம்.

எருக்கம்பாலின் தீங்கு

இப்பாடத்தில் யாவரும் மறவாது கொள்ளவேண்டிய பகுதி இது. இதனையும் எம் பிழையினாலேயே கற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், விநாயக சதுர்த்திக்கு முதனாள், மாலை தொடுப்பதற்கு எருக்கம்பூப் பறித்துவரும்படி மாணாக்கர் நால்வரை அனுப்பினோம். அரும்புகளை விரலால் நசுக்கி ஒலியெழுப்பி விளையாடுதல் சிறுவர் இயல்பு. பத்து வயதினனாகிய ஒருவன் பால் பட்ட விரலாற் கண்ணைத் தேய்த்துவிட்டான். வலி பெரிதாகத் தோன்றாமையால் ஒருவருக்கும் சொன்னானல்லன். இரவிலே விளக்கைச் சுற்றிப் புகை படிந்ததுபோலத் தெரிகின்றது என்று தாயிடம் கூறினான். கண் வைத்தியரிடம் கொண்டு சென்றனர். மருந்திட்டுப் பதினைந்து நாள் வரையிற் பார்வை தெளிந்தது.

யாம் அவ்வீட்டுக்குச் சென்றபோது அவனுடைய தாயார் எம்மைக் கடிந்தாரல்லர். "மாஸ்டர், இந்தப் பாலைப்பற்றி உங்களுக்குத் தெரியாதோ?" என்று மட்டும் கேட்டார். எமக்குத் தெரியும். எருக்கம்பால் நஞ்சென்பதைச் சிறுவயதிலேயே கேட்டிருக்கின்றோம். தெரிந்திருந்தும் சொல்லாமற் பிள்ளைகளை அனுப்பினோம். அறியாமையினும் அது பெரிய குற்றம்.

எருக்கம்பால் கண்ணிற் படின், கருவிழியின் உட்படலத்தைத் தாக்கிப் பார்வையை மங்கச் செய்யும். வலி மிகுதியாகத் தோன்றாமையே அதன் கொடுமை. அதனாற் பிள்ளைகள் மறைத்துவிடுவர். பட்டவுடன் கண்ணைத் தேய்க்காது, ஓடும் தூய நீரினாற் கால்மணி நேரத்துக்குக் குறையாமற் கழுவி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். எண்ணெய், தாய்ப்பால் முதலியவற்றைக் கண்ணில் இடலாகாது. உட்கொண்டால் இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள்களும் எருக்கில் உள்ளன. ஆதலின் மருந்தெனக் கேள்வியுற்றுத் தாமே உண்ணுதல் ஒருவர்க்கும் ஆகாது.

அந்நஞ்சையே காவலாகக் கொண்ட உயிரும் உண்டு. யாம் இலையடியிற் கண்ட புழு, வெந்தய வரியன் எனப்படும் வண்ணத்துப்பூச்சியின் புழு. முதுகிலே மூன்றிணைக் கருங்கொம்புகளை உடையது. எருக்கிலையைத் தின்று அதன் நஞ்சைத் தன் உடலிற் சேர்த்துக்கொள்வதால், பறவைகள் அதனை விலக்குகின்றன. நமக்குத் தீங்காவது அதற்குக் கவசம்.

கற்பிக்கும் முறை

எருக்குப் பாடத்தை வகுப்பில் நடத்துவோர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுக. புகையிரதப் பாதையருகே மாணாக்கரை அனுப்பற்க; ஆசிரியர் தாமே பாதுகாப்பான இடத்திலிருந்து ஒரு கொத்தைக் கொய்து, காம்பின் வெட்டுவாயை நீரிற் கழுவி, காகிதத்திற் சுற்றிக் கொண்டுவருக. பூவைப் பிளந்து காட்டுதல் ஆசிரியர் கையாலேயே நிகழ்க. மாணாக்கர் கைக்கண்ணாடியால் நோக்கி, கண்டதை வரைக. புத்தகத்தைப் பார்த்து வரையலாகாது. முடிவில் யாவரும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுக.

ஆறுமுகநாவலர் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கே கண்ட வகுப்பு முறையையும் அச்சுக்கருவியையும் நம்மவர்க்கு ஆக்கி, 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவ்வழியிலே, மேனாட்டார் தந்த கைக்கண்ணாடியை நம் வேலியிலுள்ள பூவின்மேற் பிடித்தல் நமக்குக் கடன்.

மாணாக்கர்க்குரிய வினாவிடை

வினா: பாலுள்ள செடியெல்லாம் எருக்கின் உறவா?
விடை: அன்று. பாலோடு எதிரிலையும் இணைக்காயும் குடுமி விதையும் காணப்படல் வேண்டும்.

வினா: எருக்கின் மகரந்தம் மற்றப் பூக்களின் மகரந்தத்தினின்று எவ்வாறு வேறுபடும்?
விடை: பொடியாகச் சிதறாது, இரண்டிரண்டு மெழுகுப் பைகளாகத் திரண்டு நிற்கும்.

வினா: பூவில்லாத காலத்தில் வெள்ளெருக்கைத் துணியலாமா?
விடை: துணியலாகாது. பூக்கும் வரை காத்திருத்தல் வேண்டும்.

வினா: நண்பனுடைய கண்ணில் எருக்கம்பால் பட்டு, அவன் வலியில்லை என்றால் யாது செய்வாய்?
விடை: அவன் சொல்லை நம்பி இராமல், ஓடும் நீரிற் கண்ணைக் கழுவச் செய்து, உடனே பெரியோரிடம் அறிவிப்பேன்.

வினா: ஆசிரியர் "இச்செடி நம் நாட்டில் இல்லை" என்று கூற, நீ அதனை ஒழுங்கை முடிவிற் கண்டிருந்தால் யாது செய்வாய்?
விடை: மறுநாள் அவரை அங்கே அழைத்துச் செல்வேன்.

இவ்வீற்று வினாவை யாம் எம் வகுப்பில் ஆண்டுதோறும் கேட்டு வருகின்றோம்.